எண் விழாத ஆறு வரி

வரைவு அறிக்கை வேனில் ஏறிப் போன மத்தியானத்திலிருந்து மார்ஜின் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஜன்னல் வரை போய், கீழே வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தாள். வேன் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

விசாரணைக் குழு அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளைவிட ஏழு வயது மூத்த கவுண்டர் குமாஸ்தா உட்பட. ஒப்பந்த வேலை. குழு எழுதித் தரும் அறிக்கையைக் கணினியில் பக்கம் பக்கமாக அமைத்து, ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிக்கு வரி எண் விழச் செய்வது அவள் பொறுப்பு. அடுத்த பக்கம் மறுபடி ஒன்றில் தொடங்கும். எண் எதற்கென்றால், அறிக்கையில் பெயர் அடிபட்டவர்கள் யாராக இருந்தாலும் "இந்தப் பக்கத்தில் இந்த வரி தப்பு" என்று இருபத்தொரு நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். விரலை வைத்துக் காட்ட முடியாத இடத்தில் எண்ணைச் சொல்லிக் காட்டலாம். முதல் பக்கத்தின் அடியில், பக்க எண்ணும் வரி எண்ணும் குறிப்பிடாத ஆட்சேபணைகள் ஏற்கப்படமாட்டா என்று தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. அதைத் தடிமனாக்கியதும் அவள்தான்.

அறிக்கை ஒரு லிஃப்ட் விழுந்ததைப் பற்றியது. ஆறு மாடிக் கடைக் கட்டடம். நான்காவது மாடியிலிருந்து கிளம்பிய லிஃப்ட், இரண்டாவது மாடிக்குக் கீழே பிடி விட்டு நேராகத் தரைக்கு வந்துவிட்டது. எட்டுப் பேருக்குக் கால் முறிந்தது. ஒரு பெரியவர் பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். யார் மேல் தப்பு என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு. ஒன்றரை வருஷம் விசாரித்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள்.

அவளுடைய கணினி நிரலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நடுவில் தனியாக ஒரு கணிதச் சூத்திரம் வந்தால், அதற்கு முந்தைய பத்தி முழுவதையும் எண் போடாமல் விட்டுவிடும். கோபித்துக்கொண்ட மாதிரி. ஒவ்வொரு சூத்திரத்தையும் ஒரு கட்டளைக்குள் பொதிந்து வைத்தால்தான் வழிக்கு வரும். முப்பத்தேழு சூத்திரங்களை அப்படிப் பொதிந்து வைத்திருந்தாள். கடைசி நாள் காலை குழுவின் இன்ஜினீயர் போன் செய்து, "இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா, எண்பத்துநாலாம் பக்கத்துல, எடைக் கணக்கு" என்றார். அந்த ஒன்றைச் சேர்த்தாள். பொதிய மறந்துபோனாள்.

அதுகூடப் பரவாயில்லை. மனுஷர்தானே, மறந்துபோகும். ஆனால் முந்நூறு பிரதிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பிரதி கை நழுவி விழுந்து எண்பத்துநாலாம் பக்கத்தில் விரிந்தது. பன்னிரண்டுக்குக் கீழே ஓரத்தில் ஆறு வரி உயரத்துக்கு வெள்ளை. அப்புறம் சூத்திரம். அப்புறம் பதின்மூன்று. பார்த்தாள். கீழே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். செயலாளர் மூன்றாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு வரிதானே, அதை எவன் படிக்கப்போகிறான் என்று நினைத்து, அந்தப் பிரதியையும் கட்டோடு சேர்த்துக் கயிறு போட்டுவிட்டாள்.

அந்த ஆறு வரியில் என்ன இருந்தது என்று அப்போது அவள் படிக்கவில்லை. மறுநாள் படித்தாள். லிஃப்டிலிருந்து பத்து நாட்களாகவே உராயும் சத்தம் வந்துகொண்டிருந்தது. லிஃப்ட் இயக்குபவர் அதை அறிந்திருந்தும் பராமரிப்பவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருந்தால் இந்த விபத்து தவிர்க்கப்பட்டிருக்கும். இவ்வளவுதான். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் விபத்துக்கு இவர்தான் காரணம் என்று ஒரு மனிதனை நேராகக் கை நீட்டிச் சொன்ன இடம் அது ஒன்றுதான்.

வீட்டிலும் அதே கதைதான். அவள் கணவர் பல் செட் செய்பவர். முன்னறையில் மேசை போட்டு, டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு நாளெல்லாம் ராவிக்கொண்டிருப்பார். அவள் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடந்து நடந்து, ஒரு டம்ளரை எடுத்துவந்து எதற்கென்று தெரியாமல் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள்.

"கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி எதுக்கு இப்படி அலையறா?" என்று நாத்தனார் தன் தம்பியிடம் கேட்டார். அவர் மாடியில் குடியிருந்தார். கீழே வந்தால் இப்படி ஒன்று கேட்காமல் போகமாட்டார்.

"ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி அண்ணி," என்றாள் அவள்.

வேலை ஜாஸ்திதான். வந்த ஆட்சேபணைகளைப் பக்க வாரியாக, வரி வாரியாக ஒரு அட்டவணையில் ஏற்றும் வேலையும் அவள் தலையில்தான் இருந்தது. லிஃப்ட் கம்பெனியின் வக்கீல் மட்டும் நாற்பத்தொன்று அனுப்பியிருந்தார். கட்டடக்காரர் பத்தொன்பது. எண்பத்துநாலாம் பக்கத்துக்கே ஐந்து வந்திருந்தன: பதினான்காம் வரி, இருபதாம் வரி, இருபத்திரண்டு. அந்த வெள்ளை இடத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. வராது. எப்படி வரும்? வரவில்லையே என்று ஒரு நாள் நிம்மதியாக இருந்தது. மறுநாள் அதே காரணத்துக்கு அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் லிஃப்ட்காரர் வந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். விழுந்த லிஃப்டை இயக்கியவர், அதில் அவரும் இருந்தவர்தான்; இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். அவள் அட்டவணை போடும் அறைக்கும் கவுண்டருக்கும் நடுவே பாதி உயரத்துக்கு ஒரு தடுப்புதான், பேசுவது எல்லாம் கேட்கும்.

"பக்கம் எண்பத்துநாலு, வரி பதிமூணுல இருந்து பதினெட்டு," என்று குமாஸ்தா படிவத்தை வாசித்தார். அறிக்கையைப் புரட்டினார். "பதிமூணுல போல்ட்டோட குறுக்களவு இருக்கு. போல்ட்டு பத்தியா உங்க ஆட்சேபணை?"

"அதில்லைங்க. அதுக்கு மேல இருக்கிறது. நான் எண்ணிப் பார்த்துப் போட்டேன்."

"நீங்க எண்ணினா அது உங்க எண்ணு. அச்சுல இருக்கிற எண்தான் செல்லும்."

"அச்சுல அந்த இடத்துல ஒண்ணும் இல்லையே."

குமாஸ்தா மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "ஆமா, இல்ல," என்றார், ஏதோ வெயில் இல்லை என்பது போல. "அப்ப ஒண்ணு பண்ணுங்க. பன்னிரண்டுன்னு போட்டுக் குடுத்துடுங்க. பக்கத்து வரிதானே."

லிஃப்ட்காரர் பன்னிரண்டாம் வரியைப் படித்தார். உதடு அசைந்தது. "அனுமதிச்சதைவிட மூணு பேர் அதிகம் ஏத்தினேன்னு இருக்கு. அது நிஜம். பண்டிகைச் சமயமும் இல்ல ஒண்ணும் இல்ல, சும்மா நின்னாங்க, பாவமேன்னு ஏத்தினேன். நிஜத்துக்கு எப்படிங்க ஆட்சேபணை குடுக்கிறது?"

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

படிவம் திரும்பிப் போனது. தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் எலிப்பொறிக்குள் மாட்டிக்கொண்டது மாதிரி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் நாலு வார்த்தை சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்ததே தவிர எழவில்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு பல் வரிசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுசும் கேட்டுவிட்டு, "நீ பார்த்தது வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"அப்ப பேசாம இரு. உன் ஒப்பந்தம் வர்ற மாசம் புதுப்பிக்கணும்." கொஞ்ச நேரம் ராவினார். பிறகு நிறுத்தினார். "உன்னால பேசாம இருக்க முடியுதா?"

"முடியலைங்க."

"அதான் பார்க்கிறேனே. நேத்து ஒரே சட்டையை ரெண்டு தடவை தேய்ச்ச." அதற்கு மேல் அவர் யோசனை சொல்லவில்லை. அவளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. செய் என்றோ செய்யாதே என்றோ யாராவது சொல்லித் தொலைத்தால் தேவலை போலிருந்தது.

பதினேழாம் நாள் லிஃப்ட்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை எண்பத்துநாலாம் பக்கத்தை நகல் எடுத்து, அந்த ஆறு வரிக்கும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் ஒரு அம்புக்குறியும் வரைந்து கொண்டுவந்திருந்தார். குமாஸ்தா அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் இணைப்பு எதுவாக இருந்தாலும் ஒரு வரி எண்ணோடு சேர்ந்துதான் வர வேண்டும் என்றார். வரி எண் இல்லாத இணைப்பை எந்தக் கோப்பில் வைப்பது?

லிஃப்ட்காரர் எழுந்தார். கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

அவள் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னால் இறங்கினாள். முதல் மாடித் திருப்பத்தில் அவர் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றாள். "அந்தச் சத்தத்தைப் பத்தி, நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"மேல வேலை பார்க்கிறேன்."

"மூணு தடவை சொன்னேன். பராமரிப்புக்கு வர்ற ஆள்கிட்ட. எண்ணெய் போட்டா சரியாப் போயிடும்னான். எழுதிக் குடுத்தியான்னு குழுவுல கேட்டாங்க. லிஃப்டை விட்டுட்டு எங்கேம்மா உட்கார்ந்து எழுதறது? வாயால சொன்னேன்." நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இப்ப அதையும் சொல்ல முடியாம பண்ணிட்டாங்க. அந்த ஆறு வரிக்கு மட்டும் எண் இல்ல, கவனிச்சீங்களா? கம்பெனிக்காரன் காசு குடுத்திருப்பான். எண் போட்ட ஆள் வேணும்னே விட்டிருக்கான்."

"வேணும்னு விடல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் போட்டேன்," என்றாள்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவர் படிக்கட்டில் மெல்ல உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். மேலேயிருந்து யாரோ இறங்கி, இருவரையும் தாண்டிப் போனார்கள்.

"சரி," என்றார் கடைசியில். "அப்ப போட்டுக் குடுங்க."

அவ்வளவு நேரான பேச்சு.

மறுநாள் காலை செயலாளர் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அவர் அறைக்குள் போய் நின்றாள். அவர் அரசாங்கத்தில் முப்பது வருஷம் கோப்புகளோடு குப்பை கொட்டியவர். எண்பத்துநாலாம் பக்கத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"இன்னும் மூணு நாள்தான்மா. முடிஞ்சா முடிஞ்சது."

"அந்த ஆளுக்கு முடிஞ்சிடும் சார்."

"முந்நூறு பிரதியையும் திரும்ப வாங்கி மறுபடி எண் போடச் சொல்றீங்களா? அந்தப் பக்கத்துல பதிமூணு பத்தொன்பது ஆயிடும். ஏற்கெனவே அந்தப் பக்கத்துக்கு வந்த அஞ்சு ஆட்சேபணையும் அந்தரத்துல தொங்கும். வக்கீல் நம்மைக் கிழிச்சுத் தொங்கவிடுவார்."

"பழைய எண் எதையும் தொட வேண்டாம் சார்." ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு யோசித்தது அது. "பன்னிரண்டுக்குக் கீழ ஆறு வரி. பன்னிரண்டு-அ, பன்னிரண்டு-ஆ, இ, ஈ, உ, ஊ. அரைப் பக்கத்துல ஒரு திருத்தச் சீட்டு. அவ்வளவுதான்."

செயலாளர் மூக்கைத் தேய்த்தார். "அட்டவணையில வரி எண் கட்டத்துல எழுத்து ஏறாதே. எண் மட்டும்தானே எடுக்கும்."

"அட்டவணை நான் போட்டது. எழுத்தும் ஏறுற மாதிரி பண்ணிட்டேன்."

"எப்ப?"

"இப்பதான், ஏழரை மணிக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பிறகு ஒரு விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, ஒரு இடத்தில் விரலை வைத்தார். குரல் தாழ்ந்தது.

"இதைக் கேளுங்க. சீட்டு எல்லாத் தரப்புக்கும் கையில கிடைச்ச பிறகுதான் அந்த எண்ணுல வர்ற ஆட்சேபணை செல்லும். மூணு நாள்ல தபால் போய்ச் சேராது. நாள் நீட்டிக்கணும்னா ஒரே ஒரு வழி. அறிக்கை அனுப்பின பிறகு தெரிய வந்த பிழைன்னா நீட்டிக்க விதி கிடையாது. அனுப்பறதுக்கு முன்னாலயே அலுவலகத்துக்குத் தெரிஞ்ச பிழைன்னா, அந்தப் பக்கம் முறைப்படி அனுப்பினதாவே கணக்கில்ல. அதுக்கு மட்டும் புதுசா இருபத்தொரு நாள்." புத்தகத்தை மூடினார். "நீங்க எப்பப் பார்த்தீங்க?"

அவள் வாயைத் திறந்தாள்.

"சொல்றதுக்கு முன்னால யோசிங்க. பிறகு பார்த்தேன்னு எழுதிக் குடுத்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சீட்டு போகும், நானும் கையெழுத்துப் போடுவேன். முன்னாலயே பார்த்தேன்னு எழுதினா, தெரிஞ்சே அனுப்பினதா ஆகும். அதுக்கப்புறம் உங்க ஒப்பந்தத்துக்கு நான் பரிந்துரை எழுத முடியாது. எழுதினாலும் மேல நிற்காது."

அவர் மிரட்டவில்லை. அவளுக்காகத்தான் சொன்னார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் வெள்ளைத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வரை போனாள். அந்த வேன் இன்று வேறு ஏதோ பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கீழே நின்றது. வரப்போகும் மாசச் செலவு நினைவுக்கு வந்தது. படிக்கட்டில் நீட்டிய காலும் நினைவுக்கு வந்தது. இரண்டில் எதையும் விரட்ட முடியவில்லை. திரும்பி வந்து நின்றபடியே எழுதினாள்: பிரதிகளைக் கட்டும்போது மேற்படிப் பிழையைப் பார்த்தேன். யாருக்கும் தெரிவிக்கவில்லை.

எழுதி முடித்த பிறகுதான் "தெரிவிக்கவில்லை" என்ற சொல் கண்ணில் உறைத்தது. அந்த ஆறு வரியில் இருந்த அதே சொல். லிஃப்ட்காரர் சொல்லியிருந்தார், சொல்லாதவள் இவள்.

அதிலிருந்து நான்காம் நாள் திருத்தச் சீட்டு போனது. லிஃப்ட் கம்பெனியின் வக்கீல் அந்த எழுத்துகளையே ஆட்சேபித்து மூன்று கடிதம் அனுப்பினார். சீட்டு போன பன்னிரண்டாம் நாள் லிஃப்ட்காரரின் படிவம் வந்தது: பக்கம் 84, வரி 12அ முதல் 12ஊ வரை. குமாஸ்தா முத்திரை குத்திய சத்தம் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது. வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகக் குத்தினார் போலிருந்தது. அவள் அதை அட்டவணையில் ஏற்றினாள். அதுதான் அங்கே அவள் ஏற்றிய கடைசிச் சில பதிவுகளில் ஒன்று. மாசக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

வீட்டில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நாத்தனார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். கணவர், "சரி, எனக்கு டாக்டர்களுக்கு அனுப்பற பில் எல்லாம் அடிச்சுக் குடு," என்றார். அடித்துக் கொடுத்தாள். ஒரு பாடப் புத்தகப் பதிப்பகத்தில் அரை நாள் வேலை கிடைத்தது. கணக்குப் புத்தகம். பக்கத்துக்குப் பத்துச் சூத்திரம். ஓரத்தில் எண் போடத் தேவையில்லாத வேலை. ஆனாலும் பக்கத்தை முடித்து அனுப்பிவிட்டு, அனுப்பியதை மறுபடி திறந்து பார்ப்பாள். சாப்பிடும்போது எழுந்து போய்ப் பார்ப்பாள்.

ஏழு மாசம் கழித்து இறுதி அறிக்கை வெளியானது. குமாஸ்தா போன் செய்து சொன்னார்; மறுநாள் அவரே ஒரு பிரதியைப் பையில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். இறுதி அறிக்கைக்கு ஆட்சேபணை கிடையாது, அதனால் ஓரத்தில் எண்ணும் கிடையாது. வேறு யாரோ பக்கம் அமைத்திருந்தார்கள். அந்தப் பத்தியைத் தேட அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. எழுபத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. சத்தத்தைப் பற்றிப் பராமரிப்புப் பணியாளரிடம் மூன்று முறை வாய்மொழியாகத் தெரிவித்ததாக லிஃப்ட் இயக்குபவர் கூறுகிறார். பணியாளர் இதை மறுக்கிறார். இதில் எது சரி என்று குழுவால் தீர்மானிக்க இயலவில்லை. 'தவிர்க்கப்பட்டிருக்கும்' என்ற வாக்கியம் எடுக்கப்பட்டிருந்தது.

இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

லிஃப்ட்காரர் இப்போது ஒரு அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார் என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். அடுத்த சனிக்கிழமை போனாள். ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் ஆனது. தெரிந்ததும் கூண்டுக் கதவைத் திறந்து, தன் ஸ்டூலை வெளியே தள்ளி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"பொண்ணு படிச்சுக் காட்டினா. ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன்."

"உங்க பக்கம்னு தீர்மானமா எழுதலையே."

"அவங்க எப்படி எழுதுவாங்க? நான் சொன்னதுக்கு அந்த லிஃப்டுதான் சாட்சி, அது நொறுங்கிப் போச்சு." ஒரு கார் வந்தது. சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், தடுப்புக் கம்பைத் தூக்கினார், இறக்கினார். "சொன்னேன்னு இருக்கு. அவன் இல்லேங்கிறான்னும் இருக்கு. நம்புறதும் நம்பாததும் படிக்கிறவங்க பாடு. முன்னால அதுக்கு இடமே இல்லாம இருந்துதே."

"வேலை என்னாச்சு?"

"லைசென்ஸ் திரும்பத் தரலை. மூணு பேரை அதிகமா ஏத்தினது ஏத்தினதுதானே." அதை அவர் புகாராகச் சொல்லவில்லை. "அந்தப் பெரியவர் வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வந்தேன். உள்ள கூப்பிட்டாங்க. உட்கார்ந்துட்டு வந்தேன்." அடுத்த கார் ஹாரன் அடித்தது. "உங்க வேலை போச்சுன்னு கவுண்டர்காரர் சொன்னாரு."

"வேற கிடைச்சிருக்கு."

"அப்ப சரி," என்றார். நன்றி என்று அவர் சொல்லவில்லை. மன்னிச்சிடுங்க என்று அவளும் சொல்லவில்லை. இரண்டும் அங்கே எங்கோ நடுவில் கிடந்தன. வரிசையாக நான்கு கார்கள் சேர்ந்துவிட்டன. அவர் கை நிறையச் சீட்டோடு முன்னால் குனிந்தார்.

அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அடுத்த பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள், பிறகு எழுந்து அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.